வண்டிக்குள் விரித்த குடை

நூர்ஜஹான் அக்கா ஒரு கையில் குடையும் மறு கையில் டீ டம்ளருமாக உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் மேகமலைக்குப் போனால் எல்லோரும் அப்படித்தானே டீ குடிப்பார்கள், இதில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அக்கா உட்கார்ந்திருந்தது நான் கட்டிக் கொடுத்த கேரவனுக்குள்.

ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு அது. பத்தடி நீளம். உள்ளே ஒரு கட்டில், அடுப்பு மேடை, முழங்கால் மடக்க முடியாதவர்களுக்குத் தோதாக ஒரு கழிப்பறை, நான்கு அலமாரிகள். மழைக்கு ஒதுங்கத்தான் மனிதர்கள் வீடு கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வீட்டுக்குள் அக்கா மழைக்காகக் குடை விரித்திருந்தார்.

"வா ஆத்தா ஈஸ்வரி, உள்ள வா. வெளிய நின்னு எதுக்கு நனையிற? இங்கன வந்து நனை" என்றார்.

மெத்தை ஊறிப்போயிருந்தது. ஈரப் பஞ்சின் வாசனையும் டீயில் போட்ட ஏலக்காய் வாசனையும் கலந்து வந்தன. கட்டிலின் தலைமாட்டில், மேல் அலமாரிக்கு அடியில், அக்கா எண்ணி ஓதுகிற தஸ்பீ மணிமாலை தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்துகூடத் தண்ணீர் சொட்டியது.

அக்காவின் கணவர் காதர் பாய்க்குக் கம்பத்தில் ஜவுளிக்கடை. நாற்பது வருடமாக வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்தாமல் பேசிப் பழகியவர். இப்போது தாமே வாடிக்கையாளர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. "தங்கச்சி, கொற சொல்றேன்னு நெனைக்காதீக. லேசா ஒழுகுது" என்றார். அவர் லுங்கியைப் பிழிந்துகொண்டே சொன்னதால் அந்த 'லேசா' எவ்வளவு என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

தேனியில் எங்கள் பட்டறை வாசலில் சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு இருந்தது. 'எங்கள் வண்டியில் ஒரு சொட்டு இறங்காது.' நான்தான் எழுதச் சொன்னேன். இப்போது அந்த ஒரு சொட்டு என் பின்கழுத்தில் விழுந்தது.

எனக்குப் பின்னால் படியில் பாண்டி நின்றிருந்தான். எங்கள் பட்டறையின் தலைமை ஃபிட்டர். வண்டிக்குத் தகடு அடிப்பதும், இணைப்புகளில் சீலன்ட் பூசித் தண்ணீர் புகாமல் அடைப்பதும் அவன் பொறுப்பு. நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்து நான் சொன்ன வார்த்தையை எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போய் வரவேண்டியிருக்கிறது. அந்த வார்த்தையைத் தள்ளிப் போடத்தான் இந்தச் சுற்று என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான்.

லாரிக்காரர்கள் கட்டிய வீடு

சென்ற வாரம் அப்பாவின் லாரி பாடி கட்டும் பட்டறையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு உத்தமபாளையத்திலிருந்து ஒரு வாசகி, "லாரிக்கு மரப்பலகை அடித்துக்கொண்டிருந்தவர்கள் கேரவனுக்கு எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். வேறு போக்கிடம் இல்லாமல்தான் வந்தோம். லாரிக்காரர்கள் கம்பெனியிலேயே பாடி கட்டிய வண்டியை வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் டிராக்டர் டிரெய்லருக்குப் பலகை மாற்றிக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போது பெரியகுளத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் எங்கோ வடக்கே வாங்கிய கேரவனைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்து நிறுத்தினார். என்ன பளபளப்பு! உள்ளே பன்னிரண்டு நிறத்தில் விளக்கு எரிந்தது. டம்ளர் வைக்க மட்டும் ஆறு குழிகள். பாட்டுப் பெட்டி தானாகவே வணக்கம் சொன்னது. கதவு மட்டும் மூடவில்லை. மூடினால் திறக்கவில்லை.

பாண்டி உள்பக்கச் சுவரை விரலால் லேசாக இழுத்தான். அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்துவிட்டு, "அக்கா, இங்கன வந்து பாருங்க. நோட்டுப் புத்தகத்துக்கு அடிப்பாகளே, அந்தப் பின்னுல வீட்டையே அடிச்சு வச்சிருக்காக" என்றான்.

உண்மைதான். சட்டம் முழுவதும் ஸ்டேப்ளர் பின். திருகாணி விரதம் இருந்திருக்கிறார்கள். பிளைவுட்டின் ஓரம் ஈரத்தில் ஊதி, ரவா உப்புமா பதத்துக்கு வந்திருந்தது. குறைந்த விலைக்குத் தருகிறோம் என்றால் இப்படித்தான் தரமுடியும் என்று அந்தக் கம்பெனிக்காரர் சொன்னாராம். அந்த ஆறு டம்ளர் குழியில் இரண்டை விட்டிருந்தால் ஒரு பெட்டித் திருகாணி வாங்கியிருக்கலாம்.

அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது. சின்ன வண்டி, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலை, ஆனால் உறுதியான வண்டி. ஏன் முடியாது? என் வீட்டுக்காரர் பெரியகுளத்தில் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எதிலும் கருத்துச் சொல்லாமல் இருந்தே பதவி உயர்வு வாங்கியவர். வண்டிக்கு 'சின்ன வீடு' என்று பெயர் வைக்கலாம் என்று பட்டறையில் ஒருவர் யோசனை சொன்னபோது மட்டும் வாய் திறந்து வேண்டாம் என்றார்.

முதல் வண்டியை லாரிக்காரர்களின் முழு மனதோடு கட்டினோம். யானை ஏறிப் படுத்தாலும் தாங்கும். சின்னமனூரிலிருந்து மலை ஏறும்போது இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப் மூச்சை விட்டுவிட்டது. வண்டி ஜீப்பைப் பின்னால் இழுக்க ஆரம்பித்தது. டிரைவர் குதித்து இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, எங்கள் குடும்பத்தையே பெயர் சொல்லித் திட்டினார். அந்த வண்டி இன்றைக்கும் கூடலூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் அறையாக நிற்கிறது. இந்தப் பள்ளத்தாக்கிலேயே உறுதியான மோட்டார் அறை அதுதான்.

பொட்டு வைத்த திருகாணிகள்

அதற்குப் பிறகு வண்டியை இளைக்க வைத்தது முழுக்கப் பாண்டிதான். வெளியே அலுமினியத் தகடு, நடுவில் தெர்மாகோல், உள்ளே பிளைவுட். மூன்றும் சேர்ந்து சுவரின் கனம் ஒன்றரை இஞ்ச். லாரியின் முன்பக்கப் பலகையில் பாதிகூட இல்லை. இந்த அளவைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

பாண்டி படித்தது எட்டாவது. ஆனால் வண்டியைப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கிய பிறகு அதன் தலையிலிருந்து தகடு வரைக்கும் சிவப்புப் பெயின்டில் ஒரு சின்னக் கோடு இழுப்பான். பிறகு காலி வண்டியை ஜீப்பில் மாட்டி, மேகமலை எஸ்டேட் ரோட்டில் ஏற்றி இறக்குவான். அந்த ரோட்டில் போய்வந்தால் நம் பல்லே ஆடும். திரும்பி வந்ததும் கோடு விலகியிருக்கிற திருகாணியை எல்லாம் எடுத்துவிட்டு வேறு மாதிரி பூட்டுவான். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. வளைவில் அலமாரிக் கதவு திறந்து அரிசி டப்பா தலையில் விழாமல் இருக்க, பழைய பஸ்ஸின் டிக்கி கொண்டியைத் தேடி வாங்கிப் போட்டதும் அவன்தான்.

கடைசிப் பரீட்சை மழை. தேனியில் நாம் கேட்கும்போது மழை பெய்யுமா? அதனால் திராட்சைக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரைத் தோட்டக்காரர் ஒருவரிடம் வாடகைக்கு எடுத்துவருவோம். வண்டிக்குள் தரை, கட்டில் எல்லாம் பழைய செய்தித்தாள் விரித்து, டார்ச்சோடு பாண்டி உள்ளே உட்கார்ந்துகொள்வான். வெளியே நான்கு பக்கமும் ஒரு மணி நேரம் தண்ணீர் அடிப்போம். செய்தித்தாளில் ஒரு புள்ளி ஈரம் தெரிந்தாலும் அந்த இணைப்பைப் பிரித்துத் திரும்பப் பூசுவான். பூசிய பிறகு மறுபடியும் ஒரு மணி நேரம்.

இவ்வளவு ஒழுங்காக ஒருவன் வேலை செய்தால் முதலாளிக்கு என்னதான் வேலை? எனக்கும் ஒரு வேலை இருந்தது.

என் ராசியான கை

எங்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். வண்டி பட்டறையை விட்டுக் கிளம்புகிற அன்று பூசை போட்டு, பூசணிக்காய் உடைத்து, முகப்பில் ஒரு கொக்கி முடுக்கி, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் படிகாரக் கல்லும் கோத்த கறுப்புக் கயிற்றை முதலாளி கையால் மாட்டவேண்டும். அப்பாவுக்குப் பிறகு அந்தக் கொக்கி என் கையில் வந்தது. நான் மாட்டிய வண்டி எதுவும் விபத்தில் சிக்கவில்லை என்று லாரிக்காரர்களிடையே ஒரு பேச்சு. மெதுவாக ஓட்டுகிற டிரைவர்களுக்கெல்லாம் போகவேண்டிய பெயர் எனக்கு வந்துவிட்டது.

"அக்கா கை ராசியான கை" என்று யாராவது சொன்னால் நான் அடக்கமாகச் சிரிப்பேன். பிறகு டிரில்லை வாங்கி, கேரவனின் முன்சுவரில் நட்டநடுவே, தகட்டில் ஒரு ஓட்டை போட்டு, திருகாணி மாதிரி மரை போட்ட இரண்டரை இஞ்ச் கொக்கியை முடுக்குவேன். அப்பா கடைசியாக வாங்கிப் போட்ட பெட்டியில் மிச்சம் இருந்த லாரிக் கொக்கிகள் அவை. தீர்ந்துபோகக் கூடாதே என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பேன்.

காதர் பாய் வண்டியை எடுக்க வந்த அன்று எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. கயிறு மாட்டலாமா வேண்டாமா என்று கேட்டேன். "ஒங்க மனசுக்கு நிம்மதின்னா மாட்டுங்க தங்கச்சி. நமக்கு எதுவும் இல்ல" என்று சிரித்தார். அக்காவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவர் அதற்குள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து ஜன்னலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. லாட்ஜில் தங்கமுடியாது, படி ஏறமுடியாது, தோதான கழிப்பறை இல்லாத இடத்துக்குப் போகமுடியாது. "கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து கடைக்குப் பின்னாடி வீட்டுல நின்னு அந்த மலைய அண்ணாந்து பாக்குறேன். ஒரு மழைக்காவது மேல இருந்து கீழ பாக்கணும்" என்றார். அந்த ஒரு மழைக்காகத்தான் பாய் வண்டி வாங்கினார்.

மேலும் மேலும் உயர்ந்த தரம்

மோட்டார் அறையாகிப்போன முதல் வண்டியைக் கணக்கில் சேர்க்காமல், அக்காவின் வண்டி எங்கள் பதினோராவது வண்டி. அதற்கு முன்பே இரண்டு வண்டிகள் ஒழுகுவதாகத் திரும்பி வந்திருந்தன. குமுளியில் தங்கும் விடுதி வைத்திருப்பவர், "சேச்சி, மழ பெஞ்சா கட்டில்ல படுக்க முடியலை" என்றார். போடி ஏலக்காய்த் தோட்டக்காரர் படுக்கவே இல்லை, மெத்தையோடு பட்டறைக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் ஒரே இடம்தான். முன்சுவர், கட்டிலின் தலைமாடு.

தரத்தை உயர்த்தினோம். சீலன்டை மாற்றினோம். வெளிநாட்டு சீலன்ட் வாங்கினோம். அதன் டப்பாவில் துருவக் கரடி படம் போட்டிருந்தது. ரிவெட்டை நெருக்கி அடித்தோம். முன்பக்கத் தகட்டை ஒரே துண்டாக வளைத்தோம். ஜன்னல் ரப்பரைச் சென்னையிலிருந்து வரவழைத்தோம். என் பட்டறையில் தண்ணீர் புகாத இடம் அந்த முன்சுவர்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். ஆனாலும் புகுந்தது.

ஒவ்வொரு முறை பழுதுபார்த்த பிறகும் ஸ்பிரேயர் வைத்துத் தண்ணீர் அடித்தோம். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. எப்படி இருக்கும்? திருஷ்டிக் கயிறு ஒருமுறை கட்டிவிட்டால் அதைத் தொடக்கூடாது, தானாகத்தான் விழவேண்டும். ஸ்பிரேயர் வேகத்தில் எலுமிச்சம்பழம் பிய்ந்து விழுந்தால் அபசகுனம். அதனால் தண்ணீர் அடிக்கும் முன்பாக அதன் மேல் பெரிய பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுவோம். டேப்பை ஒட்டுவது நான்தான். அபசகுனத்தில் யாரையும் நம்பமுடியாது அல்லவா?

போடிக்காரர் வண்டியில் வேலை நடந்தபோது பாண்டி தலையைச் சொறிந்துகொண்டே, "அக்கா, ஒரே ஒருக்கா அந்தப் பைய எடுத்துட்டு அடிச்சுப் பாப்பமா?" என்றான்.

"சாமி காரியத்துல என்னப்பா வெளாட்டு? ஒழுங்கா ஒன் வேலையப் பாரு" என்றேன். அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குடைக்குக் கீழே

இப்போது மேகமலைக்குத் திரும்பிவிடலாம். இனிமேலும் சுற்ற வழி இல்லை.

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அந்தக் கரிசனம்தான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. பக்கத்து லயன் வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த நான்கு தோட்டத் தொழிலாளிகள் கதவருகே நின்றிருந்தார்கள். பாண்டி சீலன்ட் பிதுக்குகிற கன்னைக் கையில் பிடித்தபடி, "பம்பு அடிச்சுப் பாத்தமே அக்கா. நாந்தேன் உள்ள இருந்தேன். ஒரு பொட்டு இல்லியே" என்றான்.

"ஒழுகுறது வண்டி இல்லடா. ஒன் கை" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். "ஒழுகுற கைய வச்சுக்கிட்டு எதுக்கு இந்த வேலைக்கு வந்த? எங்க அப்பா பேரு ஒன்னாலதேன் கெடுது" என்று சேர்த்துக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேல் எங்கள் பட்டறையில் இருப்பவன். என் அப்பாவைக் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவன்.

பாண்டி படியிலிருந்து இறங்கி முன்பக்கம் போனான். முன்சுவரின் இணைப்பு முழுவதையும் மழையிலேயே துடைத்துத் துடைத்து இன்னொரு முறை பூசினான். கயிற்றுக்குப் பக்கத்தில் வந்தபோது கையை விலக்கி, சுற்றிப் போனான். முடித்துவிட்டுக் கன்னை அடுப்பு மேடை மேல் வைத்தான். தேனி வரும்வரை ஜீப்பில் பின்சீட்டில் உட்கார்ந்துவந்தான். எப்போதும் முன்னால் உட்காருகிறவன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வடுகபட்டியில் ஒரு பூண்டு குடோனுக்குத் தகரக் கூரை வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். போகட்டும், திமிர் என்று நான் சொல்லிக்கொண்டேன். சத்தமாகச் சொன்னால் நம்பமுடிகிறது என்பதால் சத்தமாகவே சொன்னேன்.

படுத்துப் பார்த்தபோது

அடுத்த மழைக்கு அக்காவிடமிருந்தே போன் வந்தது. "ஈஸ்வரி, பாய் வண்டியத் திருப்பிக் குடுத்துருவம்ங்குறாக. நான் இன்னும் சரியா மலையவே பாக்கல ஆத்தா. ஒருக்கா வந்துட்டுப் போ." அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் மட்டும் மேகமலைக்குப் போனேன். பகல் முழுக்க விடாத மழை. அக்காவுக்கு முழங்கால் வீங்கி, இரண்டு நாளாகப் படுத்தே இருந்தார். ஈரம் படாத பக்கமாக மெத்தையை நகர்த்திப் போட்டிருந்தார்கள். நான் குனிந்து நின்று ஜன்னல் ரப்பரைத் தடவினேன். அலமாரியைத் திறந்து மூடினேன். முக்கியமானவர்கள் செய்வதுபோல 'ம்ம்' என்று இரண்டு முறை சொன்னேன்.

"நின்னுக்கிட்டே பாத்தா ஒனக்குத் தெரியாது. இங்கன வந்து படு" என்றார் அக்கா.

"இல்லக்கா, பரவால்ல..."

"ஏன், நீ கட்டுன கட்டிலு ஒன்னத் தாங்காதா?"

படுத்தேன். படுத்த பிறகுதான் உறைத்தது. பதினோரு வண்டி கட்டியிருக்கிறேன், ஒன்றிலும் நான் படுத்ததில்லை. பாண்டி படுத்திருக்கிறான். ஆனால் நான் டிரில்லை எடுப்பதற்கு முன்னால்.

"மேல பாரு" என்றார்.

மேல் அலமாரியின் அடிப்பக்க இருட்டில், படுத்தவர் கண்ணுக்கு நேரே, தஸ்பீ மணிமாலை தொங்கியது. அதன் நூலை மாட்டியிருந்த இடத்தில் ஒரு சொட்டு திரண்டது. அது முதல் மணிக்கு இறங்கியது. அங்கே நின்று, அடுத்த மணிக்கு இறங்கியது. ஒவ்வொரு மணியாக இறங்கி, கடைசி மணியிலிருந்து என் நெற்றியில் விழுந்தது.

"ரெண்டு நாளா இதத்தேன் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். மணி மணியா இறங்குது. தண்ணியும் என்னோட சேந்து தஸ்பீ ஓதுது" என்றார் அக்கா. பிறகு, "தலமாட்டுல மாட்டிக்கிறதுக்குத் தோதா ஒரு ஆணி வச்சுக் குடுத்திருக்கியேன்னு மொதல்ல சந்தோசப்பட்டேன்" என்றார்.

நான் அங்கே எந்த ஆணியும் வைக்கச் சொல்லவில்லை. எழுந்து மணிமாலையை எடுத்துவிட்டு விரலை வைத்தேன். சுருக்கென்று குத்தியது. ஒரு திருகாணியின் கூர்முனை. பிளைவுட்டைத் துளைத்துக்கொண்டு அரை இஞ்ச் வெளியே வந்து, துருப்பிடித்து, நனைந்து நின்றது.

செருப்புகூடப் போடாமல் இறங்கி முன்பக்கம் ஓடினேன். நேர் எதிர்ப்பக்கத்தில் என் கொக்கி. என் கறுப்புக் கயிறு. எலுமிச்சம்பழம் சுருங்கிப்போய், என்னையே பார்ப்பதுபோலத் தொங்கியது. தகட்டில் வழிகிற தண்ணீர் எல்லாம் கொக்கியின் கழுத்தில் கூடி, நான் போட்ட ஓட்டைக்குள் அமைதியாக நுழைந்துகொண்டிருந்தது. இரண்டரை இஞ்ச் கொக்கி, ஒன்றரை இஞ்ச் சுவர்.

பதினோரு வண்டிக்கும் ஓட்டை போட்டது நான். பரீட்சை எல்லாம் முடிந்த பிறகு, மாலை போட்டு, கைதட்டலோடு போட்டிருக்கிறேன். அந்த ஓட்டையில் ஒரு துளி தண்ணீர் பட்டுவிடாமல் பிளாஸ்டிக் பை கட்டிக் காத்ததும் நான்தான். மழையில் நின்று சிரித்தேன். சிரிப்பு நிற்பதற்குள் பாண்டியின் முகம் ஞாபகம் வந்தது. அவ்வளவு வெட்கம் என் வாழ்க்கையில் அதற்கு முன் பட்டதில்லை.

கயிற்றை என் கையாலேயே கழற்றினேன். கொக்கியைத் திருகி எடுத்து, ஓட்டையை அடைத்தேன். அக்கா ஜன்னலைத் திறந்து, "அப்ப என் தஸ்பீய எங்கன மாட்டுறது?" என்றார்.

வடுகபட்டி

கொக்கியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வடுகபட்டிக்குப் போனேன். பூண்டு வாசனை கண்ணில் ஏறியது. பாண்டி ஏணியில் நின்று தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கீழே மூட்டை தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசத்தான் வந்தேன். அவர்களைப் பார்த்ததும் அங்கேயே நின்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"பாண்டி, அன்னைக்கு ஒழுகுனது ஒன் கை இல்ல. என் கை."

அவன் இறங்கிவந்து, "மெதுவாப் பேசுங்கக்கா. எல்லாரும் கேக்குறாக" என்றான்.

"கேக்கட்டும். அன்னைக்கும் நாலு பேரு கேக்கத்தான சொன்னேன்."

கொக்கியை நீட்டினேன். வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். துரு ஏறிய முனையை விரலால் தொட்டான். நான் விளக்கவேண்டியது எல்லாம் அந்த முனையிலேயே இருந்தது.

"லாரிப் பலகன்னு நெனச்சே போட்டிருக்கீக" என்றான். பிறகு, "எத்தன வண்டிக்கா?"

"பதினொண்ணு."

"எல்லாம் திரும்பி வரணும்ல?"

"வரணும்."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கொக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினான். அந்தக் கூரையை முடித்துக்கொடுத்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் பட்டறைக்கு வந்து, பழைய ஆணியில் சட்டையை மாட்டினான்.

பதினோரு வண்டியையும் வரவழைத்துச் சரிசெய்தோம். அக்காவின் தலைமாட்டில் பித்தளையில் அழகான ஒரு கொக்கியை வைத்துக்கொடுத்தான் பாண்டி. உள்பக்கம் மட்டும். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அக்கா மேலே இருந்து கம்பத்தைப் பார்த்துவிட்டார். "கடை எம்புட்டு சின்னது!" என்று பாய்க்குக் கேட்கும்படி சொன்னாராம்.

திருஷ்டிக் கயிற்றை இப்போது கீழே, ஜீப்பில் மாட்டுகிற இரும்புத் தண்டில் கட்டுகிறோம். அங்கே ஓட்டை தேவையில்லை. போர்டில் அந்த வாசகத்தை அழிக்கச் சொல்லிவிட்டேன். தண்ணீர்ப் பரீட்சை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், பூசையும் முடிந்த பிறகு. அப்போது உள்ளே படுப்பது நான். இது பாண்டி போட்ட சட்டம். வெளியே அவன் தண்ணீர் அடிப்பான். ஒரு மணி நேரம் என்பது பல நாட்களில் ஒன்றேகால் மணி நேரமாகும். நான் ஏன் என்று கேட்பதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வண்டி எதுவும் ஒழுகவில்லை. ஆனால் பாண்டி சீலன்ட் பூசிக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் போனால் பூசுவதை நிறுத்திவிடுகிறான். கன்னைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி, நான் போகும்வரை நிற்கிறான். நானும் ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோல அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறேன்.